நூற்று நாற்பத்தேழாம் அட்டை

அட்டையக்கா பெரிய காரியம் எதையும் செய்தவர் அல்ல. படம் வெளியாவதற்கு முன்னால் இருநூறு பேரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டி, அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டுச் சொல்கிற ஒரு சிறிய அலுவலகத்தில் இருபத்துமூன்று வருடங்களாகத் தட்டச்சு செய்துவந்தார். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் ஒவ்வொரு கைக்கும் ஒரு மஞ்சள் அட்டை போகும். அதில் இருக்கை எண், வயது, ஆணா பெண்ணா, நான்கு கேள்விகள். பிடித்த காட்சி எது, சலிப்பூட்டிய இடம் எது, எதையாவது மாற்ற வேண்டுமா, மற்றவர்களைப் பார்க்கச் சொல்வீர்களா. பெயர் எழுத வேண்டாம். கூடவே ஒரு பென்சில். முழுப் பென்சிலாகக் கொடுத்தால் பாதி திரும்பி வருவதில்லை என்பதால், கத்தியால் இரண்டாக நறுக்கிக் கொடுப்பது அக்காவின் ஏற்பாடு. "அரைப் பென்சிலை யாரும் சட்டைப்பையில போட்டுக்க மாட்டாங்க. திருடுறவனுக்கும் ஒரு கௌரவம் வேணும்ல" என்பார்.

அவருடைய மேசை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நிமிர்ந்து எழுந்தால் தலை இடிக்கும். புதிதாக வருகிறவர்கள் இடித்துக்கொள்ளும்போது, "எல்லாரும் ஒரு தடவை இடிச்சுக்கணும், அப்பத்தான் இது நம்ம ஆபீஸ்" என்று ஆறுதல் சொல்வார். எந்தக் கையெழுத்தையும் வாசித்துவிடுவார். இருட்டில் மடியில் வைத்து எழுதியது, அழுதுகொண்டே எழுதியது, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கிறுக்கியது எல்லாம் அவர் கண்ணுக்கு அச்சு மாதிரி. அலுவலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் திறமை கிடையாது. அதனால் அவர் தட்டச்சு செய்த தாளை யாரும் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் கிடையாது.

மக்கள் கருத்து என்று நாம் பெரிதாகப் பேசுகிறோம். அக்காவின் மேசைக்கு வந்து சேர்ந்த மக்கள் கருத்து பெரும்பாலும் "ஓகே", "பரவாயில்ல", "நல்லா இருந்தது", "ஏசி ஜாஸ்தி" என்பதுதான். ஐந்தில் ஒன்று வெறும் அட்டையாகவே வரும். ஆரம்ப காலத்தில் இதை அப்படியே அடித்துக் கொடுத்தபோது படக் கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அப்போது அலுவலகத்தை நடத்திவந்த பெரியவர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வாடின கீரைக்குத் தண்ணி தெளிக்கிறதில்லையாம்மா? கீரை அதே கீரைதான். கொஞ்சம் தலை நிமிரும், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அலுவலகத்தில் அதற்குப் பெயர் தண்ணி தெளிப்பது. "ஓகே" என்று எழுதியவருக்கு, "முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி கொஞ்சம் இழுக்கிறது" என்று ஒரு வரி. எழுதாமல் போனவருக்கும் ஒரு வரி. அக்கா படம் ஓடும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று யார் சிரித்தார்கள், யார் கொட்டாவி விட்டார்கள் என்று பார்த்துவைத்துக்கொள்வார். ஆகவே அவர் மனதறிய பொய் எழுதியதில்லை. அடுத்தவர் மனத்தில் இருந்ததை அவர்களுக்காகச் சொல்லிக்கொடுத்தார், அப்படித்தான் நம்பினார். இந்த நம்பிக்கையை நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். ஒரே வீட்டில் இருபது வருடம் சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒருவருக்காக ஒருவர் பதில் சொல்வதும் இதே நம்பிக்கையில்தான்.

அந்தப் படம் வரும்வரை இதில் ஒரு சிக்கலும் இல்லை.

பள்ளி முடிக்கிற வயதில் ஒரு பெண்ணும் பையனும். சைக்கிள் சங்கிலி கழன்ற இடத்தில் பழக்கம், நூலகத்தில் பேச்சு, தேர்வு முடிவு, வீட்டில் தெரிந்து ரகளை. கடைசியில் இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் பஸ்ஸில் ஏறி உட்காருகிறார்கள். பஸ் கிளம்பப் போகிறது. அந்தப் பெண் சட்டென்று எழுந்து இறங்கிவிடுகிறாள். பஸ்ஸுக்கு ஓடிவந்தபோதே வார் அறுந்துபோன செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கிறாள். அவள் முதுகோடு படம் முடிகிறது. எடுத்தவர் இருபத்தொன்பது வயதுப் பெண். அவருக்கு அது முதல் படம்.

கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்த அக்காவுக்கு அன்று யார் சிரித்தார்கள், யார் கொட்டாவி விட்டார்கள் என்று தெரியவில்லை. திரையில் அந்தப் பெண் படிக்கட்டில் கால் வைத்தபோது அவர் முன்னாலிருந்த நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அவரும் அப்படி ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். வயது பதினேழு. பக்கத்தில் மாடியில் குடியிருந்த குடும்பத்துப் பையன். அவள் ஜன்னல் பக்கம், அவன் நடைபாதைப் பக்கம். மடியில் பள்ளிப் பை, அதில் இரண்டு மாற்றுத் துணி. டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்குப் பயம் வந்தது. அவன் முழங்காலை ஒதுக்கினான், அவள் தாண்டி இறங்கினாள், பஸ் அவனோடு போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா, "கடைக்கா போயிருந்த?" என்று கேட்டார். "ம்" என்றாள். அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் மாடிக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. அவன் எங்கே போனான், என்ன ஆனான் என்று கேட்க அவளுக்கு வாயில்லை. தன்னை நம்பி வந்தவனை நட்டாற்றில் விட்டுவிட்டோம் என்பதை மட்டும் மனத்தின் அடியில் போட்டுவைத்துக்கொண்டார். கல்யாணம் நடந்தது, மகன் பிறந்தான், அவன் விடுதியில் தங்கிப் படிக்கப் போனான். கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். அவரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

மறுநாள் காலை அட்டைகளை அடிக்கும்போது நூற்று நாற்பத்தேழாம் இருக்கையின் அட்டை வந்தது. வயது பதினேழு, பெண் என்று மட்டும் எழுதியிருந்தது. மற்ற நான்கு கேள்விகளும் வெறுமை. வழக்கம்போலத் தண்ணி தெளிக்கப் போன விரல்கள் மூன்றாம் கேள்விக்கு எதிரே இப்படி அடித்தன:

"அவள் இறங்கியிருக்கக் கூடாது. அப்படி இறங்கியவளுக்கு அதற்கப்புறம் எந்த பஸ்ஸும் தன்னுடைய பஸ் இல்லை."

அடித்த பிறகு ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். அழித்திருக்கலாம். வெறும் அட்டைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நூற்று நாற்பத்தெட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து, அதே படத்தை இரண்டாம் முறை போட்டுக் காட்டுகிற நாளில், இயக்குநர் மாடிப்படிக்குக் கீழே வந்து தலையை இடித்துக்கொண்டார்.

"அய்யோ, பார்த்தும்மா" என்று எழுந்த அக்காவும் இடித்துக்கொண்டார்.

"பரவாயில்லக்கா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கத்தான் சீக்கிரமா வந்தேன். போன தடவை அட்டையெல்லாம் வெச்சிருப்பீங்களா?"

"மூணு மாசம் வெச்சிருப்போம். பரண்ல இருக்கு. ஏம்மா?"

"நூத்தி நாப்பத்தேழு வேணும்."

அக்காவின் கையிலிருந்த அரைப் பென்சில் மேசையில் உருண்டு கீழே விழுந்தது.

"பதினேழு வயசுப் பொண்ணுக்கா! எப்படி எழுதியிருக்கா தெரியுமா? எனக்கு அந்த வரி மனப்பாடம்." அவர் சொல்லியும் காட்டினார், ஒரு எழுத்து பிசகாமல். "மூணு நாள் எனக்குச் சோறு இறங்கல. இந்த வயசுப் பொண்ணுங்களுக்காகத்தானே படம் எடுத்தேன்? அவங்கள்ல ஒருத்தியே சொல்றா, இறங்கினது தப்புன்னு. நான் யாரு இல்லைன்னு சொல்ல? மறுபடியும் அதே பஸ்ஸைப் பிடிச்சு, அந்தப் பசங்களைக் கூட்டிட்டு வந்து, முடிவை மாத்தி எடுத்துட்டேன். இப்ப அவ இறங்க மாட்டா."

"மாத்தி எடுத்துட்டீங்களா?"

"இன்னிக்குப் பாருங்க. தயாரிப்பாளருக்கும் இதுதான் பிடிச்சிருக்கு. படம் மூணு வாரத்துல ரிலீஸ். அந்த அட்டையை மட்டும் எனக்குத் தேடித் தாங்கக்கா. கண்ணாடி போட்டு மாட்டிவெக்கப் போறேன்."

"தேடிப் பார்க்கிறேன்மா" என்றார் அக்கா. அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. இருபத்துமூன்று வருடங்களில் அவர் தெளித்த தண்ணி எங்கே போனது, எந்தச் செடியில் என்ன முளைத்தது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. யாரும் வாசிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் மனிதர்கள் சில உண்மைகளை எழுதுகிறார்கள். ஒருவர் வாசித்துவிட்டார், அதுவும் நம்பிவிட்டார்.

மாலைக் காட்சிக்கு இருக்கை நிரம்பவில்லை என்று மேனேஜர் ஊழியர்களின் வீட்டு ஆட்களையும் கூப்பிடச் சொன்னார். மேனேஜர் பெரியவரின் தங்கை மகன். மாமா ஓய்வு பெற்ற பிறகு நாற்காலிக்கு வந்தவர். அக்கா கணவரைக் கூப்பிட்டார். அவர் கடையைப் பாதியில் விட்டு வந்து நடுவரிசையில் உட்கார்ந்து, தன் கண்ணாடியை மூன்று முறை துடைத்துக்கொண்டார்.

படம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. பஸ். ஜன்னல் பக்கம் பெண். டிரைவர் ஏறுகிறார். பெண் பையை இறுக்கிக்கொள்கிறாள், எழுவதைப் போல அசைகிறாள், பிறகு சாய்ந்து உட்காருகிறாள். பஸ் நகர்கிறது. ஜன்னலில் அவள் முகம், அதில் ஒரு சிறு சிரிப்பு. படம் முடிந்தது.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தான் செய்யாததை ஒருத்தி செய்துவிட்டாள், இருநூறு பேர் அதற்குச் சாட்சி. வெட்கமும் திகிலும் சந்தோஷமும் அவருக்கு ஒன்றாகச் சேர்ந்து வந்தன.

விளக்கு எரிந்தது. கைத்தட்டல் இல்லை. வழக்கமாக நான்கு நிமிடத்தில் கிறுக்கிவிட்டு ஓடுகிற கூட்டம் அன்று எழுந்திருக்கவில்லை. எல்லாரும் குனிந்து எழுதினார்கள், முக்கியமாகச் சின்ன வயசுக்காரர்கள். பென்சில் முனை ஒடிந்தவர்கள் பக்கத்தில் கடன் வாங்கி எழுதினார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. 'இவ்வளவு பிடிச்சிருக்கா!' என்று அக்கா நினைத்தார்.

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் கேட்டார். "என்ன எழுதினீங்க?"

"பேர் எழுத வேண்டாம்னு நீங்கதானே சொல்றீங்க? அப்ப ரகசியம்தானே?"

"ரொம்பத்தான். நாளைக்கு நான்தானே அடிக்கப் போறேன்."

"படம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கடைசில அந்தப் பொண்ணு இறங்காமலே உக்கார்ந்திருந்தா பாரு, எனக்குப் பக்குனு ஆயிடுச்சு."

"ஏன்?"

"எங்க தங்கும்? கையில காசு இருக்கா? அந்தப் பையன் முகத்தைப் பார்த்தியா, அவனே திருதிருன்னு முழிக்கிறான். யார் வீட்டுப் பொண்ணோ, இறங்கு தாயின்னு கத்தணும்போல இருந்துச்சு."

"காதல்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் அக்கா. சற்றுக் கோபமாகவே சொல்லிவிட்டார்.

கணவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? எனக்கென்ன தெரியும். நான் உன்னைப் பெண் பார்க்க வந்தப்ப உன் தோடுதான் தெரிஞ்சுது, அதுவும் பவர் இல்லாத கண்ணாடியில" என்று சொல்லித் தட்டைக் கழுவப் போனார்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் அக்கா கட்டைப் பிரித்தார். நூற்று எண்பத்துநான்கு அட்டைகள். வெறும் அட்டை மூன்றே மூன்று. இப்படி ஒருநாளும் வந்ததில்லை. முதல் அட்டையை எடுத்தார். வயது பதினெட்டு. "முடிவு நம்பவே முடியல." இரண்டாவது. வயது பதினாறு. "அவ இறங்குவான்னு நினைச்சேன். ஷாக்." அடுத்தது நாற்பது வயது. "இதைப் பார்த்துட்டு என் பொண்ணு என்ன நினைப்பா?" பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று தள்ளி வைத்தார். சிறியவர்களின் அட்டைகளை மட்டும் தனியே பிரித்தார். அறுபத்துமூன்று இருந்தன.

"செருப்பு வார் அறுந்துச்சே, அது என்ன ஆச்சு?"

"கடைசி அஞ்சு நிமிஷம் வேற யாராவது எடுத்தாங்களா?"

"அவனோட அப்பா பேர்கூட அவளுக்குத் தெரியாது. கிளம்பிட்டாளாம்."

"இறங்கினா கோழைன்னு அர்த்தமா? பயப்பட்டா தப்பா?"

"நானும் லவ் பண்றேன். ஆனா இப்படிப் போகமாட்டேன். அவனும் கூப்பிடமாட்டான்."

அக்காவின் கை வேகமாகப் புரட்டத் தொடங்கியது. ஒன்றாவது இருக்கும், ஒன்றாவது 'சபாஷ்' என்று சொல்லும். அறுபத்துமூன்றில் ஐந்துதான் சொன்னது. அந்த ஐந்திலும் ஒன்றில் "பஸ் சூப்பர்" என்று இருந்தது.

பிறகு இந்த அட்டை. வயது பதினேழு, பெண். அழுத்தி எழுதியதில் அட்டையின் மறுபக்கம் தடித்திருந்தது. "இந்தப் பொண்ணு ஆரம்பத்துலேருந்து இப்படி இல்ல. அவ எழுந்திருக்கப் போனா. யாரோ தோளைப் பிடிச்சு அமுக்கி உக்கார வெச்ச மாதிரி இருக்கு."

அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

அதற்கு அடுத்தது ஒரு பையனுடையது. பதினெட்டு வயது. கோழி கிளறிய மாதிரி எழுத்து. "நான் அவனா இருந்தா அவ இறங்கணும்னுதான் வேண்டிக்குவேன். என்னால திரும்பிப் போன்னு சொல்ல முடியாது, அசிங்கம். அவளா இறங்கினா நல்லது. எனக்கே எங்க போறோம்னு தெரியாதே."

யாரோ முகத்தில் தண்ணீரை வீசி அடித்த மாதிரி இருந்தது. அட்டையைக் கீழே வைத்தார். முப்பத்திரண்டு வருடங்களில் ஆயிரம் முறை திருப்பிப் பார்த்த காட்சி. டிரைவர் ஏறினார். அவளுக்குப் பயம் வந்தது. அவன் முழங்காலை ஒதுக்கினான். அவள் தாண்டி இறங்கினாள். எல்லாம் அதே வரிசைதான். ஆனால் இப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எழவும் இல்லை. பையைக்கூட மடியிலிருந்து எடுக்கவில்லை. அதற்குள் அவன் இரண்டு முழங்காலையும் நடைபாதைப் பக்கம் திருப்பி வழிவிட்டிருந்தான்.

அவன் எதற்காகத் திருப்பினான் என்று இனி யாரிடம் கேட்பது? கால் மரத்துப்போயும் திருப்பியிருக்கலாம். ஒருவன் எழுதிய நான்கு வரியை வைத்து இன்னொருவன் மனத்தைத் தெரிந்துகொண்டேன் என்று சொல்வது, அக்கா இத்தனை வருடம் செய்துவந்த அதே தவறாகிவிடும். அது அவருக்கும் அந்த நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். மிச்சம் இருந்த அட்டைகளை அவர் மெதுவாக, ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் அடிக்க ஆரம்பித்தார்.

பதினொரு மணிக்கு மேனேஜர் வந்து தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். "என்னக்கா இது? எதிரா எத்தனை?"

"நூத்தி முப்பத்தொம்போது."

"நூத்தி முப்பத்தொம்போதா! அக்கா, போஸ்டர் அடிச்சாச்சு. பஸ் ஜன்னல்ல அந்தப் பொண்ணு சிரிக்கிறதுதான் போஸ்டரே. தயாரிப்பாளர் நல்ல சேதிக்காகக் காத்துட்டு இருக்கார்."

"சேதி இதுதானே தம்பி."

"நான் என்ன பொய்யா சொல்லச் சொல்றேன்? பார்த்துப் போடுங்க. வழக்கமா போடுறதுதானே. 'நம்ப முடியல'ன்னு இருந்தா 'எதிர்பாராத முடிவு'ன்னு போடுங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

அக்கா சிரித்துவிட்டார். இருபத்துமூன்று வருடம் தான் செய்ததை ஒருவன் வாயால் கேட்டபோது அது இவ்வளவு அழகாக இருந்தது. ஆசை இல்லாமல் இல்லை. விரலை லேசாகத் திருப்பினால் போதும். அந்தப் பெண் பஸ்ஸிலேயே இருப்பாள், ஊர் ஊராகப் போவாள், சிரித்துக்கொண்டே. அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆள் கிடையாது.

"மாட்டேன் தம்பி" என்றார்.

"என்னக்கா, திடீர்னு?"

"இன்னிக்குக் கீரை வாடல. அதான்."

நண்பகலில் இயக்குநர் வந்தார். இம்முறை குனிந்து வந்தார். அக்கா தாள்களைக் கொடுத்தார். அவற்றின் மேல் பரணிலிருந்து எடுத்த பழைய அட்டையையும் வைத்தார். மேனேஜரும் பின்னால் வந்து நின்றார்.

இயக்குநர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இது வெறும் அட்டை. மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்க."

"இதுதாம்மா."

"எழுத்து எங்க?"

"அந்தப் பொண்ணு எழுதல. நான் எழுதினேன்."

மேனேஜர், "அக்கா, சும்மா இருங்க" என்று முன்னால் பாய்ந்து, நெற்றியைப் படியில் இடித்துக்கொண்டார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

இயக்குநரின் முகம் வெளுத்தது. "நீங்க எழுதினீங்களா? எல்லா அட்டையுமா?"

"வெறும் அட்டைக்கு ஏதாவது எழுதுவோம். 'பாட்டு நல்லாருக்கு', 'காமெடி போதல', இந்த மாதிரி. இது மட்டும் அப்படி இல்ல. பதினேழு வயசுல நான் இறங்கினேன். அதை எழுதிட்டேன். யாரும் படிக்கமாட்டாங்கன்னு நினைச்சேன்."

இயக்குநர் தாள்களைப் புரட்டினார். தோளைப் பிடித்து அமுக்கிய வரியில் அவர் விரல் நின்றது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"நாலு வருஷம் இந்தக் கதையை எழுதினேன்க்கா. அவ இறங்குவான்னு எனக்கு நல்லாத் தெரியும். ஒரு வரி. உங்க ஒரு வரிக்காக நான் என் பொண்ணை நம்பாம விட்டுட்டேன்." தாள்களைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார். "உங்களை எனக்குத் திட்டணும்னு இருக்கு. வாய் வரல."

"திட்டும்மா. வாங்கிக்கிறேன்."

"பழைய முடிவு பத்திரமா இருக்கு. அதைப் போட்டுடலாம். தயாரிப்பாளர்கிட்ட இந்தத் தாளைக் காட்டுறேன்." கிளம்பியவர் நின்றார். "ஒண்ணு கேக்கறேன். இறங்கினது தப்புன்னு இப்பவும் நினைக்கிறீங்களா?"

அக்கா வாயைத் திறந்தார். முப்பத்திரண்டு வருடப் பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அது வெளியே வரவில்லை. "தெரியல" என்றார். சொன்ன பிறகு, தானே அதிர்ந்துபோனவரைப் போல உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் அன்று மாலையே உத்தரவு போட்டார்: இனி அட்டைகளை அவரே அடிப்பார். இரண்டு நாள் வேறு ஒரு படத்தின் அட்டைகளோடு மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள் கட்டைக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்து, "இது எழுத்தா, எறும்பு நடந்ததா? நீங்களே பாருங்க. ஆனா இருக்கிறதை மட்டும் அடிங்க" என்றார். "ஏசி ஜாஸ்தின்னு இருந்தா?" "ஏசி ஜாஸ்தின்னே அடிங்க."

பத்து நாள் கழித்துப் பழைய முடிவோடு படத்தை மூன்றாம் முறை போட்டார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் வழக்கமான இடத்தில் நிற்கப் போன அக்காவை இயக்குநர் கையைப் பிடித்து அழைத்துப்போய் நூற்று நாற்பத்தேழில் உட்காரவைத்தார். சிரிக்கவில்லை. கோபம் முழுவதும் போயிருந்ததாகவும் தெரியவில்லை. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அவரே ஒரு மஞ்சள் அட்டையையும் அரைப் பென்சிலையும் அக்கா கையில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா வயது எழுதினார், நாற்பத்தொன்பது, பெண். பிடித்த காட்சி: செருப்பைக் கையில் பிடித்து நடப்பது. சலிப்பூட்டிய இடம்: நூலகத்தில் இரண்டாவது பாட்டு. மற்றவர்களைப் பார்க்கச் சொல்வீர்களா: கணவரிடம் சொல்வேன், அவர் முடிவு மாறியதைப் பார்க்க வேண்டும். கடைசியாக மூன்றாம் கேள்விக்குத் திரும்பினார். எதையாவது மாற்ற வேண்டுமா? பென்சிலை அதன்மேல் வைத்தார். சுற்றிலும் ஆட்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டம் கலைந்தது. துப்புரவுப் பெண் துடைப்பத்தோடு வந்து வரிசையின் முனையில் நின்றார். அக்கா பென்சிலை எடுத்து, அட்டையைப் பெட்டியில் போட்டார்.

மறுநாள் காலை அது மற்ற அட்டைகளோடு அவர் கைக்கே வந்தது. இருக்கை நூற்று நாற்பத்தேழு, வயது நாற்பத்தொன்பது, பெண். முதல் இரண்டு பதிலையும் உள்ளபடி அடித்தார். மூன்றாவதற்கு எதிரே, "பதில் எழுதவில்லை" என்று அடித்துவிட்டு நான்காவதற்குப் போனார்.